வாசல் கதவைத் தாழிடுமுன்

(ஒற்றசேகரமங்கலத்தில் நடந்த உபசபா குடும்ப சங்கமத்தில் ஆற்றிய உரை. வெளியூர் அங்கத்தினர்களுக்காக இங்கே தரப்படுகிறது.)



காலையிலிருந்து பாராயணம், பொதுக்குழு, குழந்தைகளின் பாட்டு, சாப்பாடு எல்லாம் நன்றாக நடந்தேறின. பாலடைப் பிரதமனுக்குப் பிறகு ஒருவரைப் பேச அழைப்பது பேச்சாளரைச் சோதிக்கிற காரியம். கண் சொக்குகிறவர்கள் தாராளமாகச் சாய்ந்துகொள்ளலாம். அரை மணிக்கு மேல் எடுத்துக்கொள்ள மாட்டேன்.

நம் உறவு வட்டத்தில் ஒரு பையன் இருக்கிறான். இஞ்சினீயரிங் முடித்து பெங்களூரில் நல்ல கம்பெனியில் இருந்தவன், அந்த வேலையை விட்டுவிட்டு, நாலு சிநேகிதர்களுடன் சேர்ந்து சொந்தச் செலவில் ஒரு சினிமா எடுக்கப்போகிறான். பெரிய நடிகர்கள் இல்லை. பாட்டு, சண்டை இல்லை. வீட்டை விட்டு ஓடிப்போகிற இரண்டு சிறுவர்களின் கதையாம். படப்பிடிப்புக்கு இடம் பார்க்க இந்தப் பக்கம் வந்தபோது என்னிடம் கேட்டான்: "தாத்தா, உங்க காலத்துல பசங்க ஆத்தை விட்டு ஓடிப்போவாளா? ஏன் போனா?"

படம் இனிமேல்தான் வரப்போகிறது. வரும்போது எல்லோரும் பார்த்து ஆசீர்வதியுங்கள். அவனுக்கு அன்று நான் முழுப் பதில் சொல்லவில்லை. சொல்லாமல் விட்டதை இன்று இங்கே சொல்லலாம் என்று நினைக்கிறேன்.

முதலில் இந்த ஊர். வெளியூர் அங்கத்தினர்கள் பலருக்கு ஒற்றசேகரமங்கலம் எங்கே இருக்கிறது என்றே தெரிந்திருக்காது. முன்பு நெய்யாற்றின்கரைத் தாலுகாவில் இருந்த, நெய்யாற்றை ஒட்டிய ஊர். தெற்கே பாறசாலை, அதைத் தாண்டினால் களியிக்காவிளை, அதாவது தமிழ்நாடு. 1956 நவம்பர் 1-ந் தேதி மாநிலங்களைப் பிரித்தபோது தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு ஆகிய நான்கு தாலுகாக்கள் மதராஸ் ராஜ்யத்துக்குப் போயின. நாங்கள் கேரளத்தில் நின்றோம். அத்தை வீடு ஒரு ராஜ்யம், எங்கள் வீடு ஒரு ராஜ்யம் என்று ஆனபோது எனக்கு ஆறு வயது. இப்போது பாறசாலையிலும் நெய்யாற்றின்கரையிலும் ரயில் நிற்கிறது. அந்தத் தண்டவாளம் 1979-ல்தான் வந்தது. அதற்கு முன் ரயில் ஏற வேண்டுமானால் பஸ்ஸில் திருவனந்தபுரம் போகவேண்டும். ஆனாலும் பிள்ளைகள் ஓடிப்போகத்தான் செய்தார்கள்.

நான் பௌதிகம் படித்தவன். ஒரு பொருள் இடம்பெயர்ந்தால் எந்த விசை என்று கேட்கிற பழக்கம். வீட்டிலிருந்து தள்ளும் விசை ஒன்று: அடி, வசவு, பரீக்ஷைத் தோல்வி, பசி, குடிகார அப்பா, சில வீடுகளில் வெளியே சொல்ல முடியாத கொடுமை. வெளியே இழுக்கும் விசை இன்னொன்று: பட்டணம், சினிமா, சிநேகிதன் சொன்ன கதை, அந்தக் காலத்தில் சர்க்கஸ், இந்தக் காலத்தில் கைபேசியில் அறிமுகமான யாரோ. இந்த இரண்டுக்கும் நடுவில் ஒரு பதினான்கு வயது மூளை. அவசரத்தை அடக்கி, பின்விளைவை யோசிக்கிற முன்மூளைப் பகுதி இருபத்தைந்து வயதை ஒட்டித்தான் முழுமை அடைகிறது என்று நரம்பியல் சொல்கிறது. நாம் பெரியவர்கள் "யோசிக்காமல் போய்விட்டானே" என்கிறோம். யோசிக்கும் கருவி அப்போது பாதிதான் தயாராகியிருக்கிறது.

ஓடி ஒளிந்தவனுக்கு அடைக்கலம் கொடுத்த கதை நம் பக்கத்திலேயே உண்டு. நெய்யாற்றின்கரை கிருஷ்ணசுவாமி கோவிலுக்குப் போனவர்கள் அம்மச்சிப் பிலாவைப் பார்த்திருப்பீர்கள். பட்டுப்போன பலாமரத்தின் அடிமரத்தை இன்றும் காப்பாற்றி வைத்திருக்கிறார்கள். பட்டத்துக்கு வருமுன் எட்டுவீட்டில் பிள்ளைமார் துரத்தியபோது இளவரசர் மார்த்தாண்ட வர்மா அந்த மரப்பொந்தில் ஒளிந்து பிழைத்தார் என்பது ஐதீகம். 1729-ல் அவர் மகாராஜா ஆனார். எல்லாப் பிள்ளைகளுக்கும் இப்படி ஒரு மரப்பொந்து அகப்படுவதில்லை.

ஓடிப்போன பிள்ளை என்றதும் நம்மவர்களுக்கு உடனே நினைவுக்கு வருபவர் பகவான் ரமணர். 1896 ஆகஸ்ட் 29-ந் தேதி, பதினாறு வயது வேங்கடராமன் மதுரையில் வீட்டை விட்டுப் புறப்பட்டார். அண்ணா கடிந்து சொன்ன ஒரு சொல் அதற்கு நிமித்தம். அண்ணாவின் காலேஜ் சம்பளத்துக்கு வைத்திருந்த 5 ரூபாயில் 3 ரூபாயை எடுத்துக்கொண்டு, மீதி 2 ரூபாயையும் ஒரு கடிதத்தையும் வைத்துவிட்டுப் போனார். தன்னைத் தேடிப் பணம் செலவழிக்க வேண்டாம் என்று அதில் எழுதியிருந்தார். செப்டம்பர் 1-ந் தேதி திருவண்ணாமலை போய்ச் சேர்ந்தார். இதுவரை எல்லோருக்கும் தெரியும்.

இந்தச் சரித்திரத்தை ஒருமுறை அழகம்மாளின் பக்கத்திலிருந்து படித்துப் பாருங்கள். பிள்ளை எங்கே என்று தெரியாமல் சுமார் இரண்டு வருஷம். 1898-ல் இடம் தெரிந்து, மூத்த பிள்ளையை அழைத்துக்கொண்டு போய், அழுது கூப்பிட்டு, வெறுங்கையோடு திரும்பினாள். 1916-ல்தான் பிள்ளையோடு வசிக்க வந்தாள். இருபது வருஷம். பிள்ளை மகானாக இருந்தும் தாய்க்கு அந்த இருபது வருஷம் குறையவில்லை. ஓடிப்போகிறவர்கள் எல்லோரும் மகான் ஆகிவிடுவதும் இல்லை. ஜெயித்தவர்களின் கதை மட்டுமே நம் காதுக்கு வருகிறது. தோற்றவர்களின் கதையை எழுத ஆள் கிடையாது.

இனி எங்கள் வீட்டுக் கதை. இதை இதுவரை எந்த மேடையிலும் சொன்னதில்லை.

என் அப்பா கணக்கு வாத்தியார். எனக்கு நாலு வயது மூத்தவன் என் அண்ணா. நன்றாக நீந்துவான், மரம் ஏறுவான், சைக்கிளை அக்குவேறு ஆணிவேறாகப் பிரித்துத் திரும்பப் பூட்டுவான். கணக்கு மட்டும் வராது. 1962-ல் எஸ்.எஸ்.எல்.சி. பரீக்ஷையில் கணக்கில் தோற்றான். அப்பா அடிக்கவில்லை. அவர் அடிக்கிறவரே அல்ல. ராத்திரி ஊஞ்சலில் உட்கார்ந்து, யாரையும் பார்க்காமல், "கணக்கு வாத்தியார் பிள்ளை கணக்குல தோத்துட்டான்னு ஊர் சொல்லப்போறது. நான் எப்படி வெளியில தலை காட்டறது?" என்றார். அவ்வளவுதான். அண்ணா அடுக்களை வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்தான்.

மறுநாள் விடியற்காலை துண்டை எடுத்துக்கொண்டு ஆற்றுக்குக் குளிக்கப் போனவன் திரும்பவில்லை. கடவில் துண்டு கிடந்தது. நெய்யாறு அணைக்கட்டு வந்து நாலு வருஷம் ஆகியிருந்த சமயம். தண்ணீர் எப்போது ஏறும், எப்போது இறங்கும் என்று ஜனங்களுக்கு இன்னும் பிடிபடவில்லை. இரண்டு நாள் ஆற்றில் தேடினார்கள். அந்த இரண்டு நாளும் அம்மா பச்சைத் தண்ணீர் குடிக்கவில்லை. மூன்றாம் நாள், சுவாமி உண்டியலில் இருந்த காசைக் காணோம் என்று என் அக்கா கண்டுபிடித்தாள். காசு போனதற்காக ஒரு வீடே சந்தோஷப்பட்டு அழுததை அன்றுதான் பார்த்தேன். பிள்ளை ஆற்றோடு போகவில்லை என்பதற்கு அந்தக் காலி உண்டியல்தான் சாக்ஷி.

போலீஸில் எழுதிக் கொடுத்தார்கள். அங்கே கேட்ட முதல் கேள்வி, "பையன் இந்தப் பக்கமா, அந்தப் பக்கமா?" எல்லையோரத்து ஊர்களுக்கு இது ஒரு தலைவிதி. களியிக்காவிளை தாண்டியிருந்தால் அது வேறு ராஜ்யத்துச் சமாசாரம்.

மூன்று மாதம் கழித்து, செப்டம்பரில், பம்பாயிலிருந்து ஒரு தபால் கார்டு வந்தது. திருவனந்தபுரத்திலிருந்து எர்ணாகுளம் வரை மீட்டர் கேஜ், அங்கிருந்து அகலப்பாதை. இரண்டிலும் டிக்கெட் இல்லாமலே போயிருக்கிறான். கார்டில் நாலே வரி. சௌக்கியம். மாதுங்காவில் ஒரு ஹோட்டலில் வேலை. அம்மாவைக் கவலைப்பட வேண்டாம் என்று சொல்லவும். அப்பாவுக்குக் கோபம் தணிந்திருந்தால் பதில் போடவும். கீழே விலாசம்.

அப்பா இரண்டு தடவை படித்தார். அம்மாவிடம் கொடுத்தார். "நாமா எழுத வேண்டாம். புத்தி வந்தா தானா வரட்டும்" என்றார். கார்டு பட்டாபிஷேகப் படத்துக்குப் பின்னால் போயிற்று. அம்மாவுக்குத் தமிழ் படிக்க வரும், எழுதிப் பழக்கமில்லை. ஒருநாள் மத்தியானம், அப்பா பள்ளிக்கூடத்தில் இருந்தபோது, என்னைக் கூப்பிட்டு, "கோந்தே, நீ ஒரு கார்டு எழுதிப் போடேன். வாடான்னு மட்டும் எழுது, போதும்" என்றாள். எனக்குப் பன்னிரண்டு வயது. கார்டு வாங்கச் சில பைசாவும் கையில் கொடுத்தாள். தபாலாபீஸில் இருந்தவர் அப்பாவின் பழைய மாணவர். அவர் சொல்லிவிடுவார் என்று எனக்குப் பயம். எழுதவில்லை. அம்மாவிடம் எழுதிவிட்டேன் என்று பொய் சொன்னேன். அவள் ஒவ்வொரு நாளும் தபால்காரரை எதிர்பார்த்து நின்றாள்.

அடுத்த பொங்கலுக்கு இன்னொரு கார்டு வந்தது. அந்த ஹோட்டலை விட்டுவிட்டதாகவும், புது விலாசம் பிறகு எழுதுவதாகவும் இருந்தது. அந்தப் 'பிறகு' இன்றுவரை வரவில்லை.

1971-ல் அப்பா காலமானார். காரியங்கள் முடிந்து அவர் டிரங்குப் பெட்டியைத் திறந்தபோது, சம்பளப் பட்டியல்களுக்கு அடியில் ஒரு இன்லண்டு லெட்டர் இருந்தது. அப்பா கையெழுத்து. அண்ணாவின் மாதுங்கா விலாசம். உள்ளூரில் போடாமல் நெய்யாற்றின்கரை போய்ப் போட்டிருக்கிறார். முத்திரை அப்படித்தான் சொல்லிற்று. 1963 ஜனவரி கடைசி. மேலே வேறு கையெழுத்தில், ஆள் போய்விட்டார் என்று எழுதித் திருப்பி அனுப்பியிருந்தார்கள். உள்ளே, "உடனே புறப்பட்டு வரவும். ரயில் செலவுக்கு மணியார்டர் அனுப்புகிறேன். பரீக்ஷை திரும்ப எழுதலாம், அதற்கு ஒன்றும் அவசரமில்லை" என்று இருந்தது. எட்டு வருஷம் அதை யாரிடமும் சொல்லாமல் வைத்திருந்தார். நான் என் பொய்யை யாரிடமும் சொல்லாமல் வைத்திருந்தேன். ஒரே கூரையின் கீழ் இருவரும் இருந்தோம்.

நாலு மாதத் தாமதம். செப்டம்பரில் அந்தக் கடிதம் போயிருந்தால் எனக்கு ஒரு அண்ணா இருந்திருப்பான்.

பிறகு உத்தியோக நிமித்தம் 1979-ல் பம்பாய் போனபோது மாதுங்காவில் ஒவ்வொரு ஹோட்டலாக ஏறி விசாரித்தேன். ஒரு வயதான காஷியர் மட்டும், "திருவாங்கூர் பக்கத்துப் பையன், சைக்கிள் ரிப்பேர் பண்ணுவான், இருந்தான், போயிட்டான்" என்றார். அவ்வளவுதான் கிடைத்தது. அம்மா 1988 வரை இருந்தாள். நெய்யாற்றின்கரையிலிருந்து வரும் கடைசி பஸ் போன சத்தம் கேட்ட பிறகுதான் வாசல் கதவைத் தாழிடுவாள். மழையானாலும், ஜுரமானாலும் அந்த வழக்கம் மாறவில்லை. பஸ் என்றைக்காவது வராமல் போனால் கதவு திறந்தே கிடக்கும்.

அதே 1988-ல்தான் 'சலாம் பாம்பே' என்ற படம் வந்தது. என் பேரப்பிள்ளை முறையுள்ள அந்த சினிமாக்காரன்தான் சமீபத்தில் அதை எனக்குப் போட்டுக் காட்டினான். மீரா நாயர் எடுத்தது. கேன்ஸ் பட விழாவில் முதல் படத்துக்குக் கொடுக்கும் தங்கக் காமிரா விருது பெற்றது. ஆஸ்காருக்கு இறுதிப் பட்டியல்வரை போயிற்று. இசை நம் வயலின் வித்வான் எல். சுப்பிரமணியம்.

கிருஷ்ணா என்கிற பையன் அண்ணனின் மோட்டார் சைக்கிளைக் கொளுத்திவிடுகிறான். 500 ரூபாய் சம்பாதித்துக்கொண்டு வந்தால்தான் வீட்டுக்குள் விடுவேன் என்று தாய் அவனை சர்க்கஸில் விட்டுவிட்டுப் போகிறாள். ஒருநாள் சர்க்கஸ் அவனை விட்டுவிட்டுக் கிளம்பிவிடுகிறது. பம்பாய்க்கு ரயில் ஏறுகிறான். டீ சுமக்கிறான், கோழி உரிக்கிறான், ஒரு ரூபாய் இரண்டு ரூபாயாகச் சேர்க்கிறான். சேர்த்த பணத்தைக் கூட இருந்தவனே திருடிவிடுகிறான். கடைசியில் கணபதி ஊர்வலக் கூட்டத்தைத் தாண்டி ஒரு திண்ணையில் தனியாக உட்கார்ந்து அழுகிறான். படம் முடிந்துவிடுகிறது. வீட்டுக்குப் போனானா என்று சொல்லவில்லை.

நடுவே ஒரு சின்னக் கட்டம். கடிதம் எழுதிக் கொடுக்கிற ஒருவரிடம் காசு கொடுத்து அம்மாவுக்குக் கடிதம் எழுதச் சொல்கிறான். அந்த எழுத்தர் வேஷத்தில் வருபவர் பின்னாளில் உலகப் புகழ் பெற்ற இர்ஃபான் கான்; அப்போது அவர் புதுமுகம். பையனுக்குத் தன் ஊரின் முழு விலாசம் தெரியாது. கடிதம் போகவே இல்லை. அது பையனுக்குத் தெரியாது. அவன் பதிலுக்குக் காத்திருக்கிறான். அந்தக் கட்டம் வந்தபோது நான் எழுந்து வெளியே போய் நின்றேன். பையன், "தாத்தா, போரடிக்கறதா?" என்று கேட்டான்.

அந்தப் படத்தில் நடித்த பிள்ளைகள் பெரும்பாலும் பம்பாய்த் தெருவில் வாழ்ந்தவர்கள். பாரி ஜான் என்ற நாடக ஆசிரியர் அவர்களுக்குப் பயிற்சி கொடுத்தார். கிருஷ்ணாவாக நடித்த ஷஃபீக் சையத், சினிமாவில் பார்க்கும் பம்பாய் நிஜம்தானா என்று தெரிந்துகொள்ள பெங்களூரிலிருந்து நிஜமாகவே ஓடிவந்தவர். ஜனாதிபதி கையால் தேசிய விருது வாங்கினார். பிறகு சினிமா அவரை மறந்தது. பெங்களூர் திரும்பி ஆட்டோ ஓட்டிக் குடும்பத்தைக் காப்பாற்றினார். நாம் இதை ஒரு தோல்வியாகச் சொல்கிறோம். வீடு திரும்பியவர் என்று நான் சொல்வேன். படத்தின் வருமானத்தைக் கொண்டு 'சலாம் பாலக்' அறக்கட்டளை தொடங்கப்பட்டது. டில்லியில் அதை முன்னின்று நடத்தியவர் மீரா நாயரின் தாயார் பிரவீண் நாயர். ரயில் நிலையத்தில் ஒதுங்கும் பிள்ளைகளுக்காக அது இன்றும் வேலை செய்கிறது.

இந்த விஷயத்தைத் தொட்ட வேறு இரண்டு படங்களையும் பையன் சொன்னான். ஒன்று, வங்காளத்தில் ரித்விக் கட்டக் எடுத்த 'பாரி தேக்கே பாலியே'. வீட்டிலிருந்து ஓடி என்று அர்த்தம். கண்டிப்பான அப்பாவுக்குப் பயந்து கல்கத்தாவுக்கு ஓடும் காஞ்சன் என்ற சிறுவன் பட்டணத்தின் கஷ்டங்களைப் பார்த்துவிட்டு வீடு திரும்புகிறான். மற்றது, பிரான்ஸில் த்ரூஃபோ 1959-ல் எடுத்த 'நானூறு அடிகள்'. அதில் மாற்றாந்தகப்பனே பையனைப் போலீஸில் கொண்டுபோய் விடுகிறார். பையன் சீர்திருத்தப் பள்ளியிலிருந்து ஓடிக் கடற்கரைக்கு வருகிறான். அதற்குமேல் ஓட இடமில்லை. திரும்பி நம்மைப் பார்க்கிறான். த்ரூஃபோவின் சொந்த வாழ்க்கையும் ஏறக்குறைய அதுவே. ஒரு படத்தில் திரும்ப ஒரு வீடு இருந்தது, மற்றதில் இல்லை. இரண்டு பையன்களுக்கும் வித்தியாசம் அவ்வளவுதான் என்று எனக்குத் தோன்றிற்று.

சினிமாவை விடுவோம். 2024 ஆகஸ்ட் 20-ந் தேதி நம் ஜில்லாவில் நடந்தது பலருக்கு நினைவிருக்கும். வடகிழக்கிலிருந்து பிழைக்க வந்து கழக்கூட்டத்தில் வசித்த ஒரு குடும்பம். தங்கையோடு சண்டை போட்டதற்காக அம்மா திட்டினாள் என்று பதிமூன்று வயதுப் பெண்குழந்தை வீட்டை விட்டுப் போய்விட்டாள். கன்னியாகுமரி ரயிலில் அழுதுகொண்டிருந்தவளை எதிரே உட்கார்ந்திருந்த ஒரு மாணவி கவனித்து, ஒரு போட்டோ எடுத்து வைத்தாள். அந்த வண்டி நம் நெய்யாற்றின்கரை, பாறசாலை வழியாகத்தான் போயிற்று. நம்மில் யாராவது அன்று அதில் இருந்திருக்கலாம். அந்த ஒரு போட்டோ வந்த பிறகுதான் எந்தத் திசை என்றே போலீஸுக்குத் தெரிந்தது. குழந்தை கன்னியாகுமரி, சென்னை என்று போய், வடக்கே போகும் இன்னொரு வண்டியில் ஏறிவிட்டாள். மறுநாள் ராத்திரி விசாகப்பட்டினத்தில் அவளைக் கண்டுபிடித்தது யார் தெரியுமா? அந்த ஊர் மலையாளி சமாஜத்துக்காரர்கள். செய்தியைப் பார்த்து, ஸ்டேஷனுக்குப் போய், பெட்டி பெட்டியாக ஏறித் தேடினார்கள். சோர்ந்து படுத்திருந்த குழந்தை கிடைத்தாள்.

ஒன்றரை நாளில் மூன்று மாநிலம். 1962-ல் எல்லை தாண்டினால் பையன் போனவன் போனவன்தான். 2024-ல் எல்லைக்கு அப்பால் ஒரு சமாஜம் இருந்ததால் குழந்தை கிடைத்தாள். நமக்கும் எத்தனையோ ஊர்களில் அங்கத்தினர்கள் இருக்கிறார்கள். சென்னை, மும்பை, டில்லி, பெங்களூர், ஹைதராபாத், கோயம்புத்தூர் என்று நம் முகவரிப் புத்தகம் இத்தனை தடிமன். ஜாதகப் பரிவர்த்தனைக்கும் பஞ்சாங்கம் அனுப்புவதற்கும் அதைப் பயன்படுத்துகிறோம். இதற்கும் பயன்படுத்தலாமே? யார் வீட்டுக் குழந்தையானாலும் சரி.

இப்போது சில நடைமுறை விஷயங்கள். சர்க்கார் உத்தியோகத்தில் இருந்தவனுக்கு இவற்றைச் சொல்லாமல் இறங்க மனம் வராது.

குழந்தையைக் காணோம் என்றால் "நாளைவரை பார்க்கலாம்" என்று இருக்கவேண்டாம். காணாமல் போன குழந்தை பற்றிய ஒவ்வொரு புகாருக்கும் போலீஸ் முதல் தகவல் அறிக்கை பதிவு செய்தாகவேண்டும் என்று 2013 மே மாதம் சுப்ரீம் கோர்ட் உத்தரவிட்டிருக்கிறது. 24 மணி நேரம் காத்திருக்க வேண்டும் என்று யாராவது சொன்னால் அது சரியல்ல. அவமானம் என்று மூடி வைப்பது அதைவிட ஆபத்து.

தனியாக ஒரு குழந்தையை ஸ்டேஷனிலோ பஸ்ஸிலோ பார்த்தால் 1098-க்கு போன் செய்யுங்கள். 1996-ல் பம்பாயில் தொடங்கிய சேவை, இப்போது அரசாங்கத்தின் பொறுப்பில் நடக்கிறது. காசு கிடையாது, எந்நேரமும் எடுப்பார்கள். ரயிலிலும் பிளாட்பாரத்திலும் ரயில்வே பாதுகாப்புப் படையிடம் சொல்லலாம். 2018-ல் ஒரே வருஷத்தில் அவர்கள் மீட்ட குழந்தைகள் 17,112. அதில் 13,187 பேர் வீட்டை விட்டு ஓடிவந்தவர்கள். நாலில் மூன்று பங்குக்கு மேல்! 2024 மே வரை மொத்தம் 84,119 குழந்தைகள். நம் அணாப் பைசா மூளைக்கு இது ஒரு எண்ணிக்கை. ஒவ்வொன்றுக்கும் பின்னால் கதவைத் திறந்து வைத்த ஒரு தாய் உண்டு.

நல்லெண்ணத்தில் குழந்தையை நம் வீட்டுக்கு அழைத்துப் போய் வைத்துக்கொள்ளக் கூடாது. 2015-ம் வருஷச் சட்டப்படி, பிரயாண நேரம் நீங்கலாக 24 மணி நேரத்துக்குள் குழந்தைகள் நலக் குழுவின் முன் கொண்டுபோக வேண்டும். இதில் ஒரு நியாயம் இருக்கிறது. சில குழந்தைகள் சும்மா ஓடிவருவதில்லை. அந்த வீடே கொடுமையாக இருக்கலாம். பெற்றவர்கள் வந்து கேட்டார்கள் என்பதற்காக மட்டும் ஒப்படைத்துவிடக் கூடாது. குழந்தை சொல்வதையும் கேட்கவேண்டும். நலக் குழு இருப்பது அதற்காகத்தான். பிள்ளை வீடு திரும்பவேண்டும் என்று சொல்கிற நானே இதையும் சொல்லவேண்டும்: திரும்புவதற்குத் தகுந்த வீடாக இருக்கவேண்டியது நம் பொறுப்பு.

உங்கள் பேரக்குழந்தைகளுக்கு வீட்டு விலாசமும், ஒரு போன் நம்பரும் மனப்பாடம் இருக்கிறதா என்று இன்றே கேட்டுப் பாருங்கள். கைபேசியில் இருக்கிறது என்பார்கள். கைபேசி தொலைந்தால்? 'சலாம் பாம்பே' பையனின் கடிதம் விலாசம் இல்லாததால்தான் நின்றது.

கடைசியாக, மார்க் விஷயம். ஒவ்வொரு வருஷமும் மே, ஜூன் மாதங்களில் பரீக்ஷை முடிவு வரும்போது எனக்கு வயிற்றைப் பிசையும். நம் சமூகத்தில் மார்க்குக்கு ஒரு தனி மரியாதை. நம் பத்திரிகையிலும் நல்ல மார்க் வாங்கியவர்களின் போட்டோ போடுகிறோம், போடவேண்டியதுதான். ஆனால் தோற்ற பிள்ளையும் அதே பத்திரிகையை வீட்டில் பார்க்கிறான். அன்று ராத்திரி சாப்பாட்டுக்கு உட்காரும்போது அவனிடம் என்ன சொல்லப்போகிறோம் என்று முன்கூட்டியே யோசித்து வையுங்கள். கோபத்தில் அந்த நேரத்துக்கு நல்ல வார்த்தை வராது. என் அப்பாவுக்கு வரவில்லை. அவர் கெட்டவர் அல்ல. அவர் எழுதிய கடிதமே அதற்கு சாக்ஷி.

இன்னொன்றும் உண்டு. இந்தச் சபையில் பிள்ளையோடோ பெண்ணோடோ பேச்சு வார்த்தை இல்லாமல் இருப்பவர்கள் யாராவது இருக்கலாம். பிடிக்காத இடத்தில் கல்யாணம் பண்ணிக்கொண்டான், சொல்லாமல் போய்விட்டாள், அது எதுவானாலும் சரி. அவர்களுக்கு வயது பதினாறாக இருக்கவேண்டும் என்பதில்லை, நாற்பதாகவும் இருக்கலாம். "அவனா வரட்டும்" என்று நீங்கள் காத்திருக்கிறீர்கள். "அப்பா கூப்பிடட்டும்" என்று அங்கே அவன் காத்திருக்கிறான். இன்று தபால் கார்டு வேண்டாம், தபாலாபீஸ்காரருக்குப் பயப்பட வேண்டாம். பன்னிரண்டு வயதுப் பையனை நம்பியும் இருக்கவேண்டாம். கைபேசியில் ஒரே வார்த்தை. அம்மா சொன்ன அதே வார்த்தை: வா.

அண்ணா இருந்தால் இப்போது அவனுக்கு எண்பது வயது. நம் பத்திரிகை பல ஊர்களுக்குப் போகிறது. யார் கையிலாவது, எப்படியாவது அவன் கண்ணில் பட்டால், பழைய வீடு இப்போது இல்லை, விற்றாயிற்று. ஆனால் தம்பி இதே ஊரில்தான் இருக்கிறேன். அப்பா பதில் போட்டிருந்தார். தாமதமாகிவிட்டது. நான் போடவே இல்லை. இதை என் பதிலாக எடுத்துக்கொள்ள வேண்டும்.